இரண்டாவது ரவுண்டு

ஒவைஸைப் பற்றி யாரைக் கேட்டாலும், "நல்ல மனுஷன், விட்டுக்கொடுத்துப் போறவன்" என்றுதான் சொல்வார்கள். தண்டையார்பேட்டையில் அவன் குடியிருக்கும் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால், தன் குடத்தை நகர்த்தி அடுத்தவருக்கு இடம் கொடுக்கிற ஒரே ஆள் அவன்தான். அந்த நல்ல பெயர்தான் கடைசியில் அவனுக்கு வினையானது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் விட்டுக்கொடுக்காமல் தோற்றான். அதை நம்ப வேண்டிய ஆள் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் உசேன் பாய் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஆளுயரப் பெட்டிகள். அதில் ஒன்று சண்டை கேம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தோள் இடிக்க, ஸ்டிக்கைப் பிடித்து ஆட வேண்டும். மூன்று ரவுண்டில் இரண்டு ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் நகர வேண்டும். அடுத்து ஆட வேண்டியவன் தன் காயினைக் கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருப்பான்.

அந்தக் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. முதல் ரவுண்டில் எதிராளியை நொறுக்கிவிட்டால், இரண்டாவது ரவுண்டை அவனுக்கு விட்டுவிட வேண்டும். மூன்றாவதில் மறுபடி நொறுக்கிக்கொள்ளலாம். எடுத்த எடுப்பிலேயே விரட்டிவிட்டால் காசு போட்டவனுக்கு என்ன மிச்சம்? உசேன் பாய் இதற்கு தர்மம் என்று பெயர் வைத்திருந்தார். வியாபாரம் என்று சொல்வதுதான் பொருத்தம். அழுதுகொண்டு போகிறவன் நாளைக்கு வர மாட்டான் அல்லவா?

எல்லாரும் விட்டார்கள், கடனே என்று விட்டார்கள். ஒவைஸ் மட்டும் அதை அழகாகச் செய்தான். திரையில் அவன் ஆட்டுவிக்கிற ஆள் குடுமிக்காரன். அந்தக் குடுமிக்காரன் ஓர் அடியைத் தடுக்க மறப்பான், ஒரு தாவலில் லேசாகப் பிந்துவான், கடைசி வரை போராடி விழுவான். விட்டது யாருக்கும் தெரியாது. விழுந்ததும் ஒவைஸ் எதிராளி பக்கம் திரும்பி, "மூணாவது ஆடலாமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பான். புதிதாக வந்தவன் உச்சி குளிர்ந்துபோவான்.

கண்டுபிடித்தவன் பீம்ராவ் ஒருவன்தான். வியாசர்பாடிக்காரன். காலையில் பாக்ஸிங், சாயங்காலம் இந்தக் கடை. அவனுடைய ஆள் மொட்டை, கட்டிப்பிடித்துத் தூக்கி எறிகிற பயில்வான். ஒரு நாள் இரண்டாவது ரவுண்டை ஜெயித்த கையோடு ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஒவைஸின் சட்டைக் காலரைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரே குத்து. உதடு கிழிந்தது.

"இன்னாத்துக்குடா வுட்ட? நான் கேட்டனா?"

"எல்லாருக்கும் வுடறதுதான மாமு!"

"எல்லாருக்கும் வுடு. எனக்கு வுடாத. ஸ்கூல்ல எடம் வுட்டானுங்க, ஆஸ்டல்ல சோறு வுட்டானுங்க, எல்லாம் போனா போவுதுன்னு வுட்டதுதான். இங்கியாவது எனக்கு வர்றத நான் வாங்கிக்கிறேன். ஒதன்னா ஒத."

"நான் வுட்டது ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"ஒன் தோள் சொல்லிச்சு. நெஜமா ஆடும்போது கல்லு மாதிரி கீது. வுடும்போது தொளதொளன்னு ஆய்டுது."

உதட்டுக் காயம் ஆறுவதற்குள் இருவரும் தோஸ்துகள் ஆகிவிட்டார்கள். இனி உனக்கு விட மாட்டேன் என்று ஒவைஸ் சத்தியம் செய்தான். பீம்ராவ் ஒரு தடவைகூட அவனை ஜெயிக்கவில்லை. ஜெயிக்கும் முன்பே கடை மூடிவிட்டது. பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின.

அந்தக் காலம் பொற்காலம் என்று இப்போது போனில் எழுதித் தள்ளுகிறவர்கள் அந்தச் சந்தில் உதை வாங்காதவர்கள். மூத்திர நாற்றம், ஜெயித்தால் அடி, தோற்றால் கிண்டல், வியாசர்பாடிப் பையன் என்றால் அதற்கென்று தனியாக ஒரு பேச்சு. பெண்பிள்ளை ஒன்றுகூட வாசல்படி ஏறியதில்லை. இன்றைக்கு உசேன் பாயின் மகன் தமீம் வண்ணாரப்பேட்டையில் ஏசி போட்டு கேமிங் சென்டர் நடத்துகிறான். அதே கேமின் புது வடிவம், அதே குடுமிக்காரன், அதே மொட்டை. யாரும் யார் காலரையும் பிடிப்பதில்லை. அது நல்லதுதான். ஆனால் ஜகார்த்தாவில் இருக்கிற எவனோ ஆன்லைனில் வந்து பின்னி எடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுகிறான். அவனுக்கு உதடும் கிடையாது, தோளும் கிடையாது.

ஒவைஸ் அங்கே ஒரு போட்டியில் பழக்க தோஷத்தில் ஒரு சின்னப் பையனுக்கு இரண்டாவது ரவுண்டை விட்டான். தமீம் பதறிப்போய் ஓடி வந்தான்.

"பாய், இதுக்குப் பேரு ஃபிக்ஸிங்கு. ஆளையே தூக்கிருவாங்க. ரீப்ளேல எல்லாம் பதிவாவுது."

ஆடி முடித்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினான். யார் எந்த நொடியில் எந்தப் பட்டனை அழுத்தினான் என்பது திரையோரம் வரிசையாக ஓடியது. ஒவைஸ் தடுக்காமல் சும்மா நின்றது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நல்லது செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி அவன் முகம் கறுத்துப்போனது.

பீம்ராவ் எண்ணூர் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்கில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய், நெஞ்சு முழுக்கக் கரியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். இப்போது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், மூன்றாவது மாடியில், மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்கிறான். கீழே இறங்கி மாதக்கணக்காகிறது. ஒவைஸ்தான் பர்மா பஜாரில் பழைய கன்சோல் ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் டிவியில் மாட்டிக்கொடுத்தான். அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் இவன் தமீம் கடையிலிருந்தும் அவன் கட்டிலிலிருந்தும் ஆடுவார்கள். இனி நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொன்னதை, பீம்ராவின் மனைவி ரெஜி ஒவைஸிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பீம்ராவுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"ஒன்ன ஒரே ஒரு வாட்டி நெஜமா ஜெயிச்சிட்டுப் பூடறேன்டா. வேற இன்னா கீது எனக்கு?" என்பான்.

ஒவைஸுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். விட்டுவிடலாம், ஒரு ஆட்டம் போனால் என்ன? ஆனால் சத்தியம் இருக்கிறது, ரீப்ளேயும் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சாகக் கிடக்கிற தோஸ்தை வாராவாரம் தோற்கடித்தான். அதைவிடக் கொடுமையான வேலையை அவன் யார்டில்கூடச் செய்ததில்லை.

யார்டு என்றால் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு. அங்கே போன மழைக்காலத்தில், கதவைப் பூட்டுகிற இரும்புக் கம்பி எகிறி அவன் இடது கைமேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பீம்ராவிடம், "நசுங்கிடுச்சு, ஆறிடுச்சு" என்று சொல்லி வைத்தான். படுத்துக் கிடக்கிறவனிடம் தன் பாட்டைப் பாடுவானேன்?

கட்டு அவிழ்த்த பிறகு முதல் ஞாயிறு. அடியைத் தடுக்க வேண்டுமானால் இடது கட்டைவிரலால் பின்னே நகர்த்தும் பட்டனை அழுத்த வேண்டும். ஒவைஸ் அழுத்தினான். அழுத்தியதாகத்தான் நினைத்தான். திரையில் குடுமிக்காரன் மரம் மாதிரி நின்று அடி வாங்கினான். முதல் ரவுண்டு போனது. ஒவைஸ் உயிரைக் கொடுத்து ஆடினான். இரண்டாவதும் போனது.

ஹெட்போனில் பீம்ராவ் கத்திய கத்தல் பாதியில் இருமலாக மாறியது. இருமலுக்கு நடுவே சிரித்தான். "ரெஜீ! ஜெயிச்சிட்டேன்! ஒவைஸ ஜெயிச்சிட்டேன்டீ!" என்று கேட்டது. ஒவைஸ் தமீமின் கடையில் எல்லாரும் பார்க்க அழுதான். தோற்றதற்காக இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை அந்தக் கடை பார்த்திருக்காது.

வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் போன் வந்தது.

"ரீப்ளே பாத்தேன்," என்றான் பீம்ராவ். "கைய எடுத்துட்டு நின்னுகினு கீற. ஒரு பிளாக்குகூட இல்ல. சாவறவனுக்குப் பிச்சையா?"

"இல்லடா, வுடல. வெரலு போச்சுடா எனக்கு. ஒணர்ச்சியே இல்ல."

"ஆறிடுச்சுன்னு சொன்ன?"

"அது சும்மா சொன்னேன்."

"இப்ப சொல்றதுதான் சும்மா. டபாய்க்காதடா. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

போன் வைக்கப்பட்டது. மறுபடி எடுக்கப்படவில்லை.

ஒவைஸ் தமீமிடம் போய் நின்றான். தமீம் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பட்டன அழுத்தலன்னுதான் பாய் இதுல தெரியும். ஏன் அழுத்தலன்னு தெரியாது. பாக்கறவங்க விட்டுக்கொடுத்தீங்கன்னுதான் சொல்வாங்க." எல்லாவற்றையும் பதிந்து வைக்கிற பெட்டி, கேட்க வேண்டிய ஒன்றைப் பதியாமல் விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஒவைஸ் வியாசர்பாடிக்கு பஸ் ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் தோள் சொல்லும். தோளைப் பீம்ராவ் நம்புவான்.

ரெஜி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா. அன்னியிலேந்து சரியா சாப்டவே மாட்டேங்குது. கன்சோல தூக்கிக் குப்பையில போடுன்னுது."

ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. பீம்ராவ் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வையை நகர்த்திவிட்டு ஒவைஸ் ஏறி உட்கார்ந்தான். ஒரு கன்ட்ரோலரை அவன் கையருகே போட்டான்.

"ஆடு. அப்பறம் அடிக்கணும்னா அடி."

பீம்ராவ் கன்ட்ரோலரை எடுத்துப் பார்த்தான். பிறகு கையூன்றி எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தோளும் தோளும் இடித்தன. உசேன் பாய் கடைக்குப் பிறகு இப்போதுதான் அப்படி இடிக்கின்றன. பீம்ராவின் தோளில் எலும்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

முதல் ரவுண்டு. ஒவைஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினான், தோளைக் கல்லாக்கிக்கொண்டு ஆடினான். குடுமிக்காரன் அடிமேல் அடி வாங்கி விழுந்தான். பீம்ராவ் ஆட்டத்தை நிறுத்தி வைத்தான். ஒவைஸின் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"டிவியப் பாரு. இங்க பாக்காத. இப்ப இன்னா பண்றேன் சொல்லு."

"கையப் புடிச்சிகினு கீற."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஒவைஸ் குனிந்து பார்த்தான். பீம்ராவின் நகம் அவன் கட்டைவிரல் நுனியில் ஆழமாகப் பதிந்திருந்தது. நகத்தை எடுத்ததும் அந்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது.

"நெஜமாவே வுடலயா நீ?"

"அத்ததானடா கத்திகினு கீறேன்!"

ஒவைஸுக்கு உயிர் வந்தது. கத்துவான், சிரிப்பான், ரெஜியைக் கூப்பிடுவான் என்று காத்திருந்தான். பீம்ராவ் அந்தக் கட்டைவிரலில் இருந்த ரத்தத்தைத் தன் லுங்கியில் துடைத்துவிட்டான். ரொம்ப மெதுவாகத் துடைத்தான்.

"அப்ப நான் ஜெயிச்சது இந்த வெரலத்தான்," என்றான். "ஒவைஸ ஜெயிக்கல."

"ரெண்டும் ஒண்ணுதான மாமு."

"ஒண்ணு இல்லடா. அந்த ஒவைஸு பூட்டான். நான் வந்து சேர லேட்டாயிடுச்சு."

பிச்சை என்றாலும் வெற்றி இல்லை, பிச்சை இல்லை என்றாலும் வெற்றி இல்லை. பீம்ராவ் ஆயுசு முழுக்கக் கேட்ட ஒரே பொருளை இனி யாராலும் கொடுக்க முடியாது. ஒவைஸாலும் முடியாது. இதை நிரூபிக்கத்தானா பஸ் ஏறி வந்தோம்?

பீம்ராவ் நிறுத்தியிருந்த ஆட்டத்தைத் தட்டிவிட்டான். இரண்டாவது ரவுண்டு தொடங்கியது.

ஒவைஸ் செயலற்ற விரலோடு முட்டி மோதினான். ஓர் அடி பட்டது. இன்னோர் அடியும் பட்டது. பட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தன் தோளை இடித்துக்கொண்டிருந்த எலும்பு இறுக்கம் விட்டுத் தொளதொளவென்று ஆகியிருந்தது.

பீம்ராவ் பிறந்ததிலிருந்து யாருக்கும் ஒரு ரவுண்டு விட்டவன் இல்லை. அதனால் எப்படி விடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மொட்டையைத் திரை நடுவில் அப்படியே நிறுத்தி வைத்திருந்தான். சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அவனைக் காலரைப் பிடித்து மூன்று மாடியும் இழுத்துக்கொண்டுபோய்ச் சந்தில் வைத்துக் குத்த வேண்டும் போல ஒவைஸுக்கு இருந்தது. பழைய உதட்டுத் தழும்பு அன்று ஏன் விழுந்தது என்பது இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. மூக்கில் குழாயோடு இருக்கிறவனை எங்கே இழுப்பது? வலது கையால் பட்டனை அடித்துக்கொண்டே இருந்தான். மொட்டை விழுந்தான். ஒவைஸ் ஜெயித்ததாகத் திரையில் எழுத்து வந்தது.

"யாருண்ணா ஜெயிச்சது?" என்று ரெஜி உள்ளேயிருந்து கேட்டாள்.

பீம்ராவ் ஒவைஸ் பக்கம் திரும்பினான்.

"மூணாவது ஆடலாமா?" என்று கேட்டான், ரொம்ப மரியாதையாக.