நானூத்திப் பதினஞ்சு மீட்டர்

இதை எழுதணும்னு நினைச்சு எட்டு வருசம் ஆகுதுங்க. மூணு தடவை நோட்டுல பாதி எழுதி, கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். படிக்கிறவங்க சிரிப்பாங்களே, அதைவிட அவுக காதுக்குப் போயிட்டா என்ன செய்யிறதுங்கிற பயம். அவுகன்னு நான் சொல்றது எங்க வீட்டுக்காரரை. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ, எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பொய் இருக்காது. பேய் பிசாசு, மந்திரிச்ச கயிறு, இதுலயெல்லாம் எனக்கு அன்னிக்கும் நம்பிக்கை இல்ல, இன்னிக்கும் இல்ல. சாயங்காலம் விளக்கு, செவ்வாய் வெள்ளி விரதம், இருக்கன்குடி ஆத்தா, அம்புட்டுத்தான் நான்.

எங்க வீடு சூலக்கரையில. அவுக லாரி டிரைவரு. அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனிகள்ல பட்டாசு லோடு ஏத்திக்கிட்டு பெங்களூர், ஹூப்ளி, அதுக்கும் மேல போவாக. சீசன்ல மாசத்துக்கு நாலு நாள் வீட்டுல இருந்தாலே பெரிசு. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்ல. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல நான் அதிகமாப் பேசுனது சாமி படத்துக்கிட்டத்தான்னு சொன்னா நம்புவீங்களோ என்னவோ.

லோடு ரோட்டுல இருக்கிற வரைக்கும் நான் வீட்டுல தீக்குச்சி உரச மாட்டேன். யாரும் சொல்லித் தரல, நானா வச்சுக்கிட்டது. சாமி விளக்கை அணைய விடாம எண்ணெய் ஊத்தி ஊத்தி, அதுலேர்ந்தே திரி காட்டி அடுப்பைப் பத்த வைப்பேன். தீப்பெட்டி செய்யிற ஊருல தீக்குச்சி உரசாதவ நான் ஒருத்திதான்னு பக்கத்து வீட்டு சரசு அக்கா கேலி பண்ணும்.

என் நாத்தனார் மகன் சிங்கப்பூர்லேர்ந்து வரும்போது அவுகளுக்கு ஒரு வாட்ச் கொண்டாந்தான். கறுப்பா, பெரிசா, நாலு பக்கமும் பொத்தான். ஒண்ணை அமுக்குனா நிக்கிற இடம் கடல் மட்டத்துலேர்ந்து எம்புட்டு உயரம்னு காட்டும், இன்னொண்ணை அமுக்குனா காத்தழுத்தம். உயரம் அஞ்சு அஞ்சாத்தான் ஏறும், இறங்கும். எங்க வீடு நூறு. அவுகளுக்கு அதைக் கட்டுனதுலேர்ந்து கால் தரையிலேயே இல்ல. சரசு அக்கா வீட்டுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லி, நான் அடுப்பை விட்டு ஓடிப்போய் எடுத்தா, "இப்ப எம்புட்டு உயரத்துல நிக்கிறேன் சொல்லு"ம்பாக.

"எனக்கென்ன தெரியும்?"

"எண்ணூத்தி எண்பது! ஓசூர்!"

"அம்புட்டு உசரத்துல ஏறி என்னத்தைப் பறிக்கப் போறீக? சாப்பிட்டீகளா, அதைச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பி வச்சு அதோட முதுகுல எழுதுவாக. திண்டுக்கல் இருநூத்தி எழுபது, கரூர் நூத்தி இருபது, நாமக்கல் இருநூத்தி இருபது, சேலம் இருநூத்தி எண்பது, அதுக்கு மேல தொப்பூர் மலை ஏறி தருமபுரி. அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்துலயே ஒட்டி வச்சாக.

அந்தத் தடவை விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்புறப்போ வாட்ச்சோட வார் அறுந்துபோச்சு. அலமாரியில விளக்குக்குப் பக்கத்துல வச்சுட்டு, "வாரு மாத்தி வையி, வந்து கட்டிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாக.

காலையில பாத்திரம் வெளக்கிட்டு அதை எடுத்தேன். சும்மாதான் பொத்தானை அமுக்குனேன். இருநூத்தி எழுபது காட்டுச்சு. கெட்டுப்போச்சு போலன்னு நினைச்சு பஸ் ஏறி விருதுநகர் பஜாருக்குப் போனேன். வாட்ச் கடைக்காரர் கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "எங்கம்மா வச்சிருந்தீக?"ன்னாரு.

"விளக்குக்கிட்ட."

"அந்தச் சூடுதான். இல்லைன்னா மழை வரப்போகுது. காத்தழுத்தம் குறைஞ்சா உயரம் கூடுன மாதிரி காட்டும். ஆனா பத்து இருபதுதான் தள்ளும்." சொல்லிக்கிட்டே காத்தழுத்தப் பொத்தானை அமுக்குனாரு. தொள்ளாயிரத்து எண்பது சொச்சம். சிரிச்சிட்டாரு. "இதை நம்புனா இந்நேரம் புயல் அடிச்சு என் கடைக் கூரை சிவகாசியில போய் விழுந்திருக்கணும்மா."

வெளிய பாத்தேன். ஒரு மேகம் இல்ல. வேப்ப மரத்துல ஒரு இலை ஆடல. வர்ற வழியில பட்டாசுக் கம்பெனி மேடைகள்ல சரக்கெல்லாம் வெயில்ல காயப் போட்டிருந்ததையும் பாத்துட்டுத்தான் வந்தேன், மழை வரும்னா போட்டிருப்பாகளா? அவரு ஏதோ ரெண்டு பொத்தானைச் சேத்து அமுக்கி நூறுக்குக் கொண்டாந்தாரு. வார் மாட்டி முடிக்கிறதுக்குள்ள அது மறுபடி இருநூத்தி எழுபதுக்குப் போயிருச்சு. "உள்ள இருக்கிற சென்சார் போச்சும்மா, மணி மட்டும் பாத்துக்கங்க"ன்னு கையில குடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்து பதினோரு மணி வாக்குல பாக்குறேன், நூத்தி இருபது. கண்ணு தானா அந்தக் காலண்டர் தாளுக்குப் போச்சு. கரூர்.

உடம்பு சிலிர்த்துப்போச்சுங்க. பயமான்னு கேட்டா, சத்தியமா இல்ல. சந்தோசம். வாட்ச்சைக் கையில கட்டிக்கிட்டு வேலை பாத்தேன். நம்பர் மெதுவா ஏறுது, நூத்தி அறுபது, நூத்தித் தொண்ணூறு, இருநூத்தி இருபது. அங்கன அசையாம நின்னுச்சு. நாமக்கல்லு, சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்காகன்னு நானும் தட்டைப் போட்டு உக்காந்தேன். ரசத்தை ஊத்திக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க, ஏத்தம் வருது"ன்னு வாட்ச்சுக்கிட்டச் சொன்னேன். பைத்தியக்காரின்னு நினைச்சாலும் நினைச்சுக்கங்க. பதினாலு வருசமா அவுக ஒரு ரோட்டுல, நான் ஒரு அடுப்படியில. அன்னிக்குத்தான் முத முறையா அவுக வண்டியில நானும் ஏறிப் போனேன்.

சேலம் தாண்டுச்சு. மூணு மணிக்கு மேல ஏத்தம். முந்நூத்தி முப்பது, முந்நூத்தி எழுபது, நானூறு. நானூத்திப் பதினஞ்சுல நின்னுச்சு.

அஞ்சு நிமிசம் பாத்தேன். கால் மணி நேரம் பாத்தேன். அவுகளே எம்புட்டோ தடவை சொல்லியிருக்காக, பட்டாசு லோடோட மலை ஏத்தத்துல வண்டியை நிறுத்தவே கூடாதுன்னு. அரை மணி நேரமாச்சு, நம்பர் நகரல. சரசு அக்கா வீட்டுக்கு ஓடி லாரி ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, வண்டி தொப்பூர் மலையில பாதியில நிக்குது."

"போன் வந்துச்சாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. வாட்ச்சுல தெரியுது."

"ஏம்மா, மத்தியானம் சாப்பிட்டீகளா?"ன்னாரு.

"கிண்டல் பண்ணாதீக. நான் சொல்றது பொய்யா இருந்தா உங்களுக்கு ஒரு போன் காசோட போச்சு. நெசமா இருந்தா?"

அந்த மனுசன் நல்லா இருக்கணும். தொப்பூர்ல தெரிஞ்ச டயர் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்காரு. அவரு பைக்குல மேல போய்ப் பாத்தா, வண்டி ஓரமா, ஒழுங்கா, சக்கரத்துக்குக் கல்லு குடுத்து நிக்குது. அவுக அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே தரையில சாஞ்சு கிடக்காக. கூடப் போன மாத்து டிரைவரு வயித்து வலின்னு நாமக்கல்லயே இறங்கிட்டாராம், அதனால துணைக்கு ஆள் இல்ல. தண்ணி தெளிச்சும் அசைவில்ல, உடம்பு சில்லுன்னு இருந்துச்சாம். முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு முகத்துல துண்டைப் போட்டுட்டாராம். இதை அவரே பின்னாடி என்கிட்டச் சொன்னாரு. துண்டைப் போட்டுட்டு ஆபீசுக்குச் சேதி சொல்லத் திரும்புனா, இவுக எந்திரிச்சு உக்காந்து, "வண்டியை யாரு பாத்துக்கிறா?"ன்னு கேட்டாகளாம்.

ஆஸ்பத்திரியில நெஞ்சடைப்புன்னு சொன்னாங்க. ஆறு நாள் கழிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்தோம். உன் தாலி கெட்டின்னு தெருவே வந்து சொல்லுச்சு. நான் ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுத்தேன். ஆத்தாதான் காப்பாத்துனா, அதுல எனக்கு இம்மியும் சந்தேகமில்ல.

வந்த அன்னிக்கு அவுக கட்டில்ல உக்காந்து காபி குடிக்கிறாக, நான் எதிர்ல நிக்கிறேன். கையிலிருந்த வாட்ச்சை அமுக்குனேன். நானூத்திப் பதினஞ்சு.

மறுநாள் அதே கடைக்குக் கொண்டு போனேன். அங்கன வச்சுப் பாத்தா நூறு. "சரியாத்தானேம்மா இருக்கு"ங்கிறாரு. வீட்டுக்கு வந்து, அவுக தூங்குறப்போ மணிக்கட்டுல கட்டுனேன். ரெண்டு நிமிசத்துல நானூத்திப் பதினஞ்சு. முன்ன எங்க இருந்தாலும் அவுகளைக் காட்டுனது, இப்ப அவுக பக்கத்துல இருந்தாத்தான் காட்டுது.

அவுக வண்டியை விட்டுட்டாக. ஒரு குடோன்ல பகல் வாட்ச்மேன் வேலை. என்னை ஒரு சொல்லு கடிஞ்சு பேசுனது இல்ல. கோயிலுக்குக் கூப்பிட்டா வர்றாக. ஆனா நான் ஒண்ணு கேட்டா பதில் கொஞ்சம் கழிச்சுத்தான் வரும், பழைய டிரங்கால் மாதிரி. அக்கினி நட்சத்திரத்துல ஊரே வெந்துக்கிட்டு இருக்கும், இவுக துண்டை இழுத்துப் போத்திக்கிட்டு, "காத்து சில்லுன்னு அடிக்குது"ம்பாக. அந்த வாட்ச் எங்கன்னு இந்த எட்டு வருசத்துல ஒரு நாள் கேக்கல. நானும் காட்டுனதில்ல. தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடுறாக, நான் பரிமாறுறேன். ஆனா அன்னிக்கு நாமக்கல்லுக்கும் சூலக்கரைக்கும் இடையில சாப்பிட்டோமே, அம்புட்டுப் பக்கத்துல அதுக்கப்புறம் நாங்க உக்காந்ததே இல்ல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவுக குடோன்லேர்ந்து சாப்பிட வந்து கண்ணசந்ததும் அதைக் கட்டிப் பாத்துட்டுக் கழட்டி வச்சிருவேன். பேட்டரி தீர்ந்தா மாத்திக்கிறேன், இப்ப ஓடுறது நாலாவது. நூறு காட்டுனா அவுக வீட்டுக்கு வந்துட்டாகன்னு அர்த்தம். இதை நான் யாருக்கிட்டச் சொல்ல முடியும், சொல்லுங்க.

போன ஆடி வெள்ளிக்குக் கட்டுனேன். நானூத்திப் பத்து காட்டுச்சு. மறுபடி அமுக்குனேன், நானூத்திப் பத்து. எட்டு வருசத்துல அஞ்சு மீட்டர். காத்தழுத்தம் மாறுனா பத்து இருபது தள்ளும்னு கடைக்காரர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. அடுத்த வெள்ளியும் அதே நானூத்திப் பத்துதான். அதனாலதான் இப்ப எழுதிட்டேன்.

படிச்சவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க. ஆனா உள்ளபடி சொல்லுங்க. அவுக பிழைச்சு வந்தாகன்னு நல்லபடியா அங்கனயே முடிச்சிறாதீங்க, வேற எதுவோ வந்துருச்சுன்னு பயமுறுத்தவும் செய்யாதீங்க. வந்திருக்கிறது எங்க வீட்டுக்காரர்தான், வழியில இருக்காக. நம்பரை மட்டும் கூட்டாம குறைக்காமச் சொல்லுங்க. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நானூத்திப் பத்து.