சாமை அளவு வெள்ளை

டாக்டரம்மா டார்ச் அடித்துக் காட்டினார். காளியம்மாளின் கண்குழிக்குள், சிவந்த சவ்வின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. சாமை அரிசி அளவுதான். உள்ளே வைத்த உருண்டை சவ்வைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது.

செயற்கைக் கண் செய்வது என் வேலை. அந்தப் புள்ளி என் கைவேலை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணை எடுத்த இடத்தில் வைக்கும் இம்ப்ளான்ட், உடம்பெல்லாம் ஓட்டையுள்ள உருண்டை. ரஸ்க்கை உடைத்துப் பார்த்தால் தெரியுமே, அப்படி. கண்ணை அசைத்த தசைகளை அதன்மேல் தைத்துவிடுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் சதை அந்த ஓட்டைகளுக்குள் நுழையும், கூடவே ரத்தக்குழாய்கள். யார் வழி சொன்னார்கள், எந்த வளைவில் முதலில் திரும்பின? இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதன் முன்னே மாட்டும், விழி வரைந்த மெல்லிய ஷெல்தான் நான் செய்வது.

காளியம்மாள் நெல்லிவாசல்நாட்டுக்காரர். புளி உலுக்கும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர். காய்ந்த கிளை கண்ணில் இறங்கிவிட்டது. அளவெடுக்க வந்தபோதே சொன்னார்:

"இறுக்கமா செய்ங்க சார். நாள் பூரா குனிஞ்சி புளி பொறுக்குறவ நானு. வுழுந்துச்சின்னா மூட்டையோட போளூருக்குப் போய்டும். எவ வூட்டுக் கொழம்புல முழிச்சிப் பாக்குமோ!"

சிரித்தேன். சிரித்தபடியே, ஷெல்லுக்கான மெழுகு அச்சில், பின்பக்கம் விடவேண்டிய இடைவெளியை அடைத்தேன். கண் நழுவவில்லை. கச்சிதம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் அது சவ்வைத் தேய்த்திருக்கிறது.

"உருண்டைக்குள்ள ரத்தம் போயிருந்தா தானே மூடிக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "போகலன்னா உருண்டைய எடுத்துடணும்."

"மறுபடியும் அறுக்கணுமா?" காளியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான்மா இறுக்கிட்டேன்."

"நான்தான கேட்டேன்," என்றார்.

மரத்துப்போக மருந்து விட்டபின், ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா ஊசிமுனையால் வெள்ளையைத் தொட்டார். ஒன்றுமில்லை. சற்றே தள்ளி மறுபடி தொட்டார். வெள்ளைக்கு உள்ளிருந்து, கிணற்றடியில் ஊற்று கசிவதுபோல, ஒரு சிவப்புத் துளி. "ரத்தம் வருது," என்றார் டாக்டரம்மா.

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"இன்னா சார், ரத்தம் வருதுன்றாங்க, சிரிக்கிறீங்க?"

"உங்க ரத்தம் அதுக்குள்ள போயிடுச்சிம்மா."

"எப்ப போச்சி? என்கிட்ட சொல்லவேயில்லியே!"

ஷெல்லைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாய் இருந்தார். புள்ளி மூடிக்கொண்டது. புதிய ஷெல்லில் பின்னால் இடம் விட்டேன். குனிந்தால் விழலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்; மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றும் கொடுத்தேன்.

"வுழுவானேன்? புளி பொறுக்கப் போறப்போ கழட்டி இதுல வச்சி சுருக்குப்பையில போட்டுக்கறேன். சந்தைக்குப் போறப்போ மாட்டிக்கறேன். புளிக்கு நான் அழகா தெரியணுமா இன்னா?"

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டியது இது. இப்போதெல்லாம், "வேலை செய்யும்போது கண்ணை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் மெழுகைத் தொடுகிறேன்.