சந்தனம் பூசிய பலகை

"இருபது வருசமா லாரி ஓட்டறவனுக்கு மூணு நாள் வகுப்பு எதுக்குங்க?" என்று ஆசிட் டேங்கர் ஓட்டும் கூட்டாளிகள் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான அந்த வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன் நான்.

ஆயுதபூசை முடிந்த வாரம், வேலந்தாவளத்தில் டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது என் டேங்கரின் வால்வு கசிந்தது. சந்தைக்கு மாடு கொண்டுவந்த ஒருவர், வாளித் தண்ணீரை ஊற்றி அதைக் கழுவிவிடப் போனார்.

"கண்ணு தெரியலீங்களா? ஆசிட்டுங்க, தண்ணி ஊத்துனா மூஞ்சில தெறிக்கும்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"ஆசிட்டுன்னு எங்கீங்க போட்டிருக்குது?" என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

ஆசிட் கையை அரிக்கும் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்திருந்தது.

அதை மறைக்கவே கூடாதென்று வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். பூசைக்குச் சந்தனம் பூசியது நான்தான்.