வானம் பார்த்த குஞ்சு

அன்று காலை குஞ்சு மேலே பார்க்க ஆரம்பித்தது. பல்லி ஏதாவது இருக்கிறதா என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் அதன் தலை பின்னால் வளைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே பின்பக்கமாக நடந்து அட்டைப்பெட்டியின் மூலையில் விழுந்தது. தூக்கி நிறுத்தினேன். மறுபடியும் விழுந்தது.

அது எங்கள் குஞ்சு இல்லை. நாங்கள் சமணர்கள், வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. பக்கத்து வீட்டு மேரி, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள், தன் அம்மாவின் ஆபரேஷனுக்காக வேலூர் போகும்போது விட்டுவிட்டுப் போனது. தாய்க்கோழியையும் மற்றக் குஞ்சுகளையும் நாய் கடித்துப் போட்டபின் மிஞ்சியது இது ஒன்றுதான். "உங்க வூட்லன்னா பத்திரமா இருக்கும்கா. எறும்பைக்கூட மிதிக்க மாட்டீங்க," என்றாள். அந்த வார்த்தைதான் என்னை உட்கார விடவில்லை.

சீரகத் தண்ணீர் கொடுத்தேன். பெட்டிக்கு மேல் பல்பு மாட்டினேன். கழுத்தைப் பிடித்து நேராக்கப் பார்த்தபோது அது கத்திய கத்தலில் கையை எடுத்துவிட்டேன். உங்கள் கையில் இப்படி ஒரு குஞ்சு இருந்தால், அதை மட்டும் செய்யாதீர்கள்.

கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஒரு கன்றும் இரண்டு ஆடுகளும். நான் பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். டாக்டர் சின்னப் பெண். குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா தீனி போடறீங்க?"

"அரிசி நொய்தான். எங்க மண்டி அரிசி. நல்லா பாலிஷ் போட்டது."

"வேற?"

வேறு எதுவும் இல்லை. மேரி ஒரு பை குஞ்சுத் தீவனம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பிரித்ததும் கருவாட்டுத் தூள் நாற்றம் குப்பென்று அடித்தது. அதைக் கொல்லைச் சுவர்மேல் வைத்தேன். மழையில் நனைந்து கெட்டது. விட்டது தொல்லை என்றிருந்தேன்.

"பி1 (நரம்பு வேலை செய்யத் தேவையான உயிர்ச்சத்து) குறைஞ்சா இப்படி ஆகலாம்மா. தவிடு போன அரிசியில அது ரொம்பக் குறைவு. ஆனா அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எங்கயாவது விழுந்து அடிபட்டிருக்கலாம். வெள்ளைக்கழிச்சல் (கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் தொற்று) ஆரம்பமாகவும் இருக்கலாம்."

"பொழைக்குமா?"

"பி காம்ப்ளெக்ஸ் சிரப் சொட்டு சொட்டா அலகோட ஓரத்துல விடுங்க. தீவனம் கண்டிப்பா போடணும். ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும்."

திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தித் தீவனம் வாங்கினேன். அந்த நாற்றத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசி மண்டி நடத்துகிற எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன். என் கணவருக்கு நாற்றத்தைவிட அரிசியைக் குறை சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"நம்ம அரிசிய ஊரே சாப்ட்டுக்கினு இருக்குது. யாருக்குக் கழுத்து திரும்பிச்சு?"

நான் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் மேல் அதே சிரப் இருந்தது. என் பாட்டில்தான் அது. சில மாதங்களாக எனக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்றாலும் தெரியாது. இந்தக் குஞ்சு வந்த புதிதில் என் பெருவிரலைக் கொத்துவதையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பி12 (சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் குறையக்கூடிய இன்னொரு உயிர்ச்சத்து) போதவில்லை என்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நமது சாப்பாட்டில் என்ன குறை என்ற கோபத்தில் நான் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அன்று சொட்டு விடும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. நாங்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை.

"இருட்டிப்போச்சே, இப்ப குடுக்கலாமா?" என்றார் கணவர்.

"அது இன்னும் நம்ம மதத்துக்கு வரலைங்க."

அவர் சிரித்தார். குஞ்சு ஒரு சொட்டை விழுங்கியது. இன்னொன்றைக் கக்கியது. மூடியில் மருந்து மீந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு குடித்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்து விளக்கு வைத்தபின் என் வாய்க்குள் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாற்றம் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கவனிக்கவில்லை. மேரி போன் செய்தாள். நல்லா இருக்குது என்று பொய் சொன்னேன். அதற்கும் மறுநாள் காலை பெட்டியை எட்டிப் பார்த்தால், குஞ்சு தலையைத் தாழ்த்தித் தீவனத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. கொத்தியது. குறி தவறியது. மறுபடியும் கொத்தியது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

வேலூரிலிருந்து திரும்பிய மேரி, குஞ்சைக் கொண்டுபோகக் கையில் தூக்கிப் பார்த்தாள். "நல்லா கொழுகொழுன்னு ஆக்கிட்டீங்கக்கா!" அந்தக் கொழுகொழு எனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வருகிறது. கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது. அவள் கோழி, அவள் வீட்டு வழக்கம். தினமும் அவள் வீட்டுப் பக்கம் காது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குஞ்சின் கழுத்து திரும்பிய காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியாது. தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம் என்றார் கால்நடை டாக்டர். எப்போது குணமாகும் என்று நானும் இப்போது கேட்பதில்லை. சிரப்பை நானும் தினமும் குடித்து வருகிறேன். காலையில் கண் விழித்ததும் மரத்த கால்விரலைக் கிள்ளிப் பார்ப்பேன். பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.

நேற்று கொல்லையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுவர் தாண்டிக் குஞ்சு வந்தது. முறத்தைச் சீண்டவில்லை. என் பெருவிரலைக் கொத்தியது. சுள்ளென்று வலித்தது.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை கொத்தியது.