மீட்டிங்கில் யார் காபி போடுவது

காபி போட்டது நான் செய்த முதல் தப்பு. அது எல்லோருக்கும் பிடித்துப்போனது இரண்டாவது.

ஒரகடம் பக்கம் கார் கதவுக்கு ரப்பர் பீடிங் செய்யும் கொரியக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். பென்னலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில், கொரியாவிலிருந்து வந்த ஸ்டிக் காபியை எப்படிப் போடுவதென்று தெரியாமல், விரல் நீளப் பாக்கெட்டைக் கிழித்துக் காய்ச்சிய பாலில் கொட்டி, மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பாக்கெட்டுக்குள்ளேயே பால் பவுடரும் சர்க்கரையும் இருப்பது யாருக்குத் தெரியும்? பாயசம் மாதிரி இருந்திருக்கும். கொரிய சார்கள் நான்கு பேரும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். மறுநாளும் கேட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மீட்டிங் என்றால் எங்கள் மேனேஜர், நம்மூர்க்காரர், என்னைத்தான் தேடுவார். "இன்னாம்மா, நீயே போட்டுடேன். உன் கை காபிதான் அவங்களுக்குப் புடிச்சிக்கீது." நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அதை யாரிடம் சொல்வது?

ஒருமுறை நாங்கள் அனுப்பிய சரக்கில் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. இரண்டு ஷிப்ட் லைனில் நின்று, ஒரு அச்சு சரியாகச் சூடாகவில்லை என்று கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுதினேன். மீட்டிங்கில் அதைப் படிக்கப்போவது என் பக்கத்து சீட்டுக்காரன் என்றார் மேனேஜர். அவன் அந்த அச்சைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "நீ காபியைப் பாரும்மா" என்றார் என்னிடம்.

மீட்டிங்குக்கு முன்னால், ஆபீஸ் பேன்ட்ரியில் பால் பாத்திரத்தை அடுப்பில் ணங்கென்று வைத்தேன். சத்தம் கேட்டு, கொரிய சார்களில் வயதானவர் எட்டிப் பார்த்தார். "காபி... கோபம்?" என்றார். அவருக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தைகளில் கோபமும் ஒன்று. உங்கள் ஊரிலும் பெண்கள்தான் போடுவார்களா என்று கேட்டேன்.

அரை இங்கிலீஷில் அவர் சொன்னது இது. அவர் தாத்தா காலத்தில் காபி பெரிய மனிதர்கள் சமாச்சாரம். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்கப் பட்டாளத்து முகாம்களிலிருந்து ஊருக்குள் கசிந்து வந்தது. பிறகு ஆபீஸ் தோறும் காபி போட்டுக் கொடுக்க இளம் பெண்கள் இருந்தார்கள். யாருக்கு எத்தனை ஸ்பூன் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நாட்டில் பண நெருக்கடி வந்து கம்பெனிகள் ஆளைக் குறைத்தபோது முதலில் வீட்டுக்குப் போனது அந்தப் பெண்கள்தான். மறுநாள் ஆண்கள் வெந்நீர் மெஷின் முன்னால் முழித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டிக் காபி ஆபீஸ்களில் வேரூன்றியது அப்போதுதான். கிழித்துக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, காலிப் பாக்கெட்டாலேயே கலக்கிக்கொள்ளலாம்.

"எனக்கு ஆறு வருஷம் காபி கொடுத்த பெண். அவள் பேர் எனக்குத் தெரியாது" என்றார்.

"என் பேர் தெரியுமா சார்?" வாய் முந்திக்கொண்டது.

அவர் என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை எட்டிப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அடுப்பை அணைத்தேன். ஸ்டிக் டப்பா, வெந்நீர் பிளாஸ்க், பேப்பர் கப் எல்லாவற்றையும் கொண்டுபோய் மீட்டிங் டேபிள் நடுவில் வைத்தேன். பக்கத்து சீட்டுக்காரன் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா இது? காபி எங்க?" என்றார் மேனேஜர்.

"அதுலயே எல்லாம் கீது சார். கிழிச்சு ஊத்திக்க வேண்டியதுதான்."

மேனேஜர் இஞ்சி தின்ற குரங்கு போல முழித்தார். பிறகு அந்த வயதானவர் எழுந்து, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து எல்லோருக்கும் கலக்கினார். ஒரு கப்பை என் முன்னாலும் வைத்தார்.

அது அப்படியே ஆறிப்போனது. நான் என் ரிப்போர்ட்டை அவர்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.