அம்மாவின் கம்பும் கங்காணியின் குடையும்

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது செடியின் மட்டம் பார்க்கும் கம்புகள் எல்லாம் ஒரே மாதிரி. கொழுந்தை நிறுக்கும் இடத்தில் அம்மாவின் கம்பு தினமும் வேறொருவர் கம்போடு மாறிவிடும். பெயரைப் பெயிண்டில் எழுதினால் இரண்டு மழையில் போய்விடும்.

ஹட்டனில் மரத்தைச் சுட்டு எழுதும் பேனா வாங்கினேன்.

"முப்பது முனை உள்ளத எடுங்க தங்கச்சி," என்றார் கடைக்கார நானா. நான் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னதை எடுத்தேன்.

நேற்று கம்பில் அம்மாவின் பெயரை, 'பார்வதி' என்று எழுதினேன். அழுத்தியதில் முதல் எழுத்து கருகியது. மெதுவாக இழுத்ததும் மீதி அச்சுப்போல வந்தது.

காலையில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதைப் பார்த்துச் சிரித்தார். "கம்புக்கெல்லாம் பேரா?"

இன்று அம்மாவின் கம்பு மட்டும் மாறவில்லை.

சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் பதினொரு பெண்கள், கையில் கம்போடு. கடைசியில் கங்காணி, மரக் கைப்பிடிக் குடையோடு.

"எனக்கும் போட்டுக் குடும்மா."

அவர் பெயர் முத்துக்கருப்பசாமி. கைப்பிடியோ நாலு விரல் நீளம். எப்படிச் சுருக்கலாம், சொல்லுங்கள்?