கம்பவுண்டர் அருளப்பன் எண்ணிய உண்ணிகள்

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நூர் அகமது ஊசி போட, கம்பவுண்டர் அருளப்பன் பக்கத்தில் நின்று மருந்தைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தன் இரண்டு பசுக்களோடு வரிசையில் நின்ற பேச்சாயி, முறை வந்ததும் மாட்டை முன்னால் விடாமல் ஒரு கேள்வியை விட்டாள்.

"ஏன் டாக்டரய்யா, என்னைக்கோ வார வெக்கைக்கு ஊசி கண்டுபிடிச்சிருக்கீக. நித்தம் ரத்தத்தக் குடிக்கிற உண்ணிக்கு ஏன் கண்டுபிடிக்கல?"

கூட்டம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "வெக்கை, கிருமியால வர்றதும்மா. கிருமி உடம்புக்குள்ள போகும். உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கும். உண்ணி வெளிய உட்கார்ந்திருக்கிற பூச்சி. அதுக்கு எப்படி ஊசி போடுறது?"

"வெளிய எங்க உட்கார்ந்திருக்கு? வாய உள்ளதான விட்டிருக்கு!"

டாக்டர் அவள் மாடுகளுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த மாட்டைக் கூப்பிட்டுவிட்டார். ஆனால் அருளப்பனின் கண் பேச்சாயியின் மாடுகளிலேயே நின்றுவிட்டது. செவலைப் பசுவின் கழுத்திலும் மடியிலும் தட்டாம்பயறு அப்பி வைத்தது போல உண்ணிகள். பக்கத்தில் நின்ற மயிலைப் பசுவின் தோலில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"ரெண்டும் ஒரே தொழுவமா?"

"ஒரே தொழுவம், ஒரே மேய்ச்சல். மயிலை கன்னுக்குட்டியா இருக்கையில உண்ணி தின்னு சாகக் கெடந்தாய்யா. கஞ்சி ஊத்திப் பொழைக்க வச்சேன். அதுக்கப்புறம் அவ மேல உண்ணி சரியா ஒட்டவே மாட்டேங்குது."

வெக்கை வந்து பிழைத்த மாட்டுக்கு மறுபடி வெக்கை வராது என்பது அருளப்பனுக்குத் தெரியும். அதே கதை உண்ணிக்கும் உண்டா? சைக்கிளில் ஊர் திரும்பும்போது பேகம்பூர் தாண்டி வந்ததுகூட அவருக்கு நினைவில்லை.

அருளப்பனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. அப்பா புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். மகனுக்கு மருந்துத் தராசு பிடித்துப்போனது. ஒரு கிரெயின், அதாவது அரைக் குன்றிமணி எடை, கூடினாலும் குறைந்தாலும் மனசு கேட்காது. அந்தக் குணம்தான் அவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பேச்சாயி தொழுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

செவலையிலிருந்து ரத்தம் குடித்து ஊதிய உண்ணிகளை எடுத்து, காலி மருந்து பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வீட்டில் வைத்தார். அவை கருஞ்சிவப்பாய்க் குவியல் குவியலாக முட்டையிட்டுச் செத்தன. முட்டைகளைத் தராசில் சரிபாதியாக நிறுத்து இரண்டு பாட்டிலில் பிரித்தார். மூன்று வாரம் கழித்துக் குஞ்சு பொரித்தது. பார்க்க மூக்குப்பொடி மாதிரி இருந்தது, ஆனால் நகர்ந்தது.

ஒரு பாட்டிலைச் செவலையின் முதுகிலும் மற்றதை மயிலையின் முதுகிலும் கொட்டினார்கள். இரண்டு மாட்டையும் உண்ணி உதிர்வதற்காகப் புகையிலைத் தண்ணீரில் கழுவக் கூடாது என்று பேச்சாயியிடம் சொல்லிவைத்தார்.

"இம்புட்டு நாளா உண்ணியப் பிடுங்கிப் போட்டேன். இப்ப வெதைச்சு விடச் சொல்றீக. ஊருக்குத் தெரிஞ்சா என்னய என்னன்னு பேசுவாக?" என்றாள் பேச்சாயி. ஆனால் அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை. இருபதாம் நாளிலிருந்து விடியலில் மாடுகளுக்கு அடியில் பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்த உண்ணிகளைத் தனித்தனிச் சட்டியில் பொறுக்கினாள்.

செவலையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு. மயிலையிலிருந்து முப்பத்தொன்று.

கணக்கைக் கேட்ட டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அந்தம்மா சொன்னது சரிதான் அருளப்பன். வாயை உள்ளே விடும்போது எச்சிலும் உள்ளே போகுதே. மயிலையோட உடம்பு அந்த எச்சிலை அடையாளம் வச்சிருக்கணும்."

"அப்ப உண்ணிய அரைச்சு, அதுல இருக்கிறத நாமளே ஊசியில ஏத்துனா?"

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். "நான் படிச்ச புத்தகத்துல இது இல்ல. ஆகாதுன்னும் இல்ல. ஆனா ஊரார் மாட்டுல கை வைக்கக் கூடாது."

அருளப்பன் வீட்டில் இரண்டு கிடேரிக் கன்றுகள் இருந்தன. மனைவி செபாஸ்தியம்மாள் வளர்த்தவை. உண்ணிகளை உப்புநீரில் அரைத்து, வடிகட்டி, டாக்டர் சொன்ன பக்குவத்தில் ஒரு கன்றுக்கு மட்டும் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார். மனைவியிடம் சத்து ஊசி என்று சொல்லியிருந்தார். மூன்றாவது ஊசிக்குப் பிறகு கன்றின் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி புடைத்தது. கன்று தீனி எடுக்கவில்லை. அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் செபாஸ்தியம்மாள். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. "பொய் சொல்லி ஊசி போட்டீங்க. அது வாயில்லாத சீவன். நானுமா?"

அவர் டாக்டரிடம் ஓடினார். டாக்டரே வந்து கட்டியைக் கீறிவிட்டுப் போனார். கணவனும் மனைவியுமாக மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். பத்து நாளில் கன்று தேறியது. அருளப்பன், பொரிக்க வைத்திருந்த உண்ணி முட்டைப் பாட்டில்களை எடுத்து வெளியே வீசப் போனபோது அவள் தடுத்தாள்.

"கன்னு வேதனப்பட்டது பட்டாச்சு. என்ன ஆகுதுன்னு பாக்காமலே விட்டா அந்த வேதனைக்கு என்ன அர்த்தம்? முழுசாச் சொல்லுங்க. என்ன பாக்கப் போறீங்க?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். முட்டை பொரித்ததும் இரண்டு கன்றின் முதுகிலும் குஞ்சைச் சரிபாதியாகக் கொட்டினார்கள். அதற்குப்பின் வேட்டி விரிப்பதும் பொறுக்குவதும் செபாஸ்தியம்மாள் வேலையாயிற்று. கடைசியில் எண்ணிப் பார்த்தால், ஊசி போடாத கன்றில் நூற்று நாற்பது, போட்ட கன்றில் நூற்றுப் பத்து. அருளப்பனின் முகம் விழுந்துவிட்டது. முப்பது உண்ணி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்.

இரண்டு சட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள் சொன்னாள்: "எண்ணிக்கை கெடக்கட்டும். பருமனப் பாருங்க. ஊசி போட்ட கன்னுல விழுந்ததெல்லாம் சூம்பிப் போயில்ல கெடக்கு."

அருளப்பன் குனிந்து பார்த்தார். ஆமாம், பாதிக்குப் பாதி பயறாக ஊதாமல் நெல்லாகவே நின்றிருந்தன. இத்தனை நாள் எண்ணிய மனிதருக்கு அது கண்ணில் படவில்லை. உடனே ஒவ்வொரு சட்டியிலிருந்தும் கைக்கு வந்த பத்தைப் பாட்டிலில் போட்டு முட்டையிட விட்டார். ஊசி போடாத கன்றின் உண்ணிகள் பத்தும் இட்ட முட்டை பதினான்கு கிரெயின். மற்ற பத்தும் சேர்ந்து ஆறு கிரெயின்தான். ஊசி உண்ணியை விரட்டவில்லை. அதன் வம்சத்தைக் குறைத்திருந்தது. அன்று அவர் மூன்று தடவை தராசைச் சரிபார்த்தார்.

அடுத்த வருஷம் பேச்சாயி தானாக முன்வந்து இரண்டு கன்று கொடுத்தாள். அருளப்பன் புதிதாக வாங்கிய கன்று இரண்டு. இந்தத் தடவை நாலுக்கும் ஊசி போட்டு, ஊசி போடாத ஊர்க் கன்றுகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டில் உண்ணி சூம்பியது. இரண்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. டாக்டர் எல்லாவற்றையும் எழுதி வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது: சுவாரஸ்யமானது, ஆனால் நாலு கன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது நியாயமான பதில் என்றுதான் அருளப்பனுக்கும் பட்டது.

அறுபத்தொன்றில் டாக்டர் நூர் அகமது மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த டாக்டர், ஆஸ்பத்திரியில் உண்ணி அரைக்கும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் கடைகளில் பூச்சிப் பொடி வந்துவிட்டது. தேய்த்தால் மறுநாள் உண்ணி உதிர்ந்தது. ஊசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேச்சாயி மட்டும் மயிலையின் கன்றுகளை விற்காமல் வைத்துக்கொண்டு மற்றதை விற்றுக்கொண்டே வந்தாள். ஐந்தாறு வருஷத்தில் அவள் தொழுவத்தில் பொடி வாங்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. உண்ணி ஒட்டாத குணம் தாயிடமிருந்து வந்ததா, கன்றுகள் கடிபட்டுக் கற்றுக்கொண்டதா என்று அருளப்பன் அவளிடம் பலதடவை விவாதித்திருக்கிறார். "ரெண்டுந்தான்னு வச்சுக்கங்களேன்" என்பாள். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

அறுபத்தாறில் ஒரு நாள் பேச்சாயி வந்து, பக்கத்து வீட்டு மாடுகளில் பொடி தேய்த்தும் உண்ணி சாகவில்லை என்றாள்.

"பொடி பழசா இருக்கும்."

"புது டப்பாய்யா. என் கண்ணு முன்னாலதான் ஒடச்சாக."

அருளப்பன் அன்று சாயங்காலமே போய் இருபது உண்ணி பிடித்துவந்தார். செபாஸ்தியம்மாள் அவற்றைப் பொடியில் நன்றாகப் புரட்டி ஒரு பாட்டிலில் போட்டாள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது இருபதில் பதினொன்று சாகாமல் முட்டையிட்டிருந்தது.

"இதுக பொரிக்கிற குஞ்சும் பொடிக்குச் சாகாதோ?" என்றாள் அவள்.

"தெரியலையே" என்றார் அருளப்பன். ஒரு காகிதத்தில் தேதியை எழுதிப் பாட்டிலில் ஒட்டினார்.